மீன் தொட்டிக்கான மரக்கட்டை: வாளியிலேயே முடிய வேண்டிய வேலை

[காட்சி: கொளத்தூர் வண்ணமீன் கடைத்தெரு. ஒரு கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் வேர்க்கட்டைகள்.]

வணக்கம். சென்னை கொளத்தூருக்கு வண்ணமீன் வாங்க வருகிறவர்களில் பலர், மீனோடு தொட்டிக்குள் அலங்காரமாக வைக்கும் ஒரு ட்ரிஃப்ட்வுட் கட்டையையும் வாங்கிப் போய் அன்று மாலையே தொட்டியில் இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் கட்டை மேலே மிதக்கிறது, தண்ணீர் பால் சேர்க்காத டீயைப் போல் நிறம் மாறியிருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். வாளியில் நடந்திருக்க வேண்டிய மாற்றங்கள் தொட்டிக்குள் நடந்திருக்கின்றன, அவ்வளவுதான். அந்த வாளி வேலையை இந்த வீடியோவில் பார்ப்போம்.

காசு கொடுத்து எதற்கு வாங்க வேண்டும், எண்ணூர்க் கரையில்தான் எவ்வளவோ ஒதுங்கிக் கிடக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. நானும் அப்படி நினைத்து, முகத்துவாரத்துப் பக்கம் கிடந்த அழகான வேர் ஒன்றை எடுத்து வந்து வெந்நீர் ஊற்றினேன். சிறிது நேரத்தில் நீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் விரிந்தது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகம் முழுவதும் எண்ணெய் பரவியதையும் நாம் மறந்துவிடவில்லை. அனல் மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கலந்துவரும் நீர்நிலையும் அதுதான். உப்பை ஊறவைத்து வெளியேற்றலாம். நாருக்குள் இறங்கிய எண்ணெயையும் உலோகங்களையும் வீட்டில் வைத்து வெளியேற்ற முடியாது. காசிமேட்டில் உடைத்துப் போட்ட படகுப் பலகை பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதையும் தவிர்த்துவிடுங்கள். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசும் வண்ணங்களில் தாமிரம் சேர்ப்பது வழக்கம். தொட்டியில் இறால், நத்தை வளர்ப்பவர்களுக்குத் தாமிரம் பெரிய எதிரி.

தோட்டத்து மரம்தான் வேண்டும் என்றால், நன்றாகக் காய்ந்து பட்டை உரிந்த கொய்யாக் கிளையை எடுத்துக்கொள்ளலாம். வேம்பு, அரளி, எருக்கு ஆகியவற்றின் பக்கம் போக வேண்டாம். பிசின் வடியும் மரமும் பச்சை மரமும் உதவாது. கட்டை எங்கிருந்து வந்ததாக இருந்தாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் உள்ளே இறங்கினால் அந்த இடம் உளுத்துவிட்டது என்று பொருள், அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிறகு முகர்ந்து பாருங்கள். மண் வாசனை வரலாம், அழுகிய முட்டை நாற்றம் வரக் கூடாது.

[காட்சி: பழைய அலுமினிய அண்டாவில் கொதிக்கும் கட்டை. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.]

நாரும் தூரிகையும் கொண்டு வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

மரம் ஏன் மிதக்கிறது என்பது தெரிந்தால் அடுத்த வேலை எளிதாகிவிடும். மரத்தின் செல் சுவர் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. ஆகவே காய்ந்த கட்டையை மிதக்க வைப்பது அதன் நுண்ணறைகளில் அடைபட்ட காற்றுதான். கொதிக்க வைக்கும்போது அந்தக் காற்று விரிந்து வெளியேற, அதன் இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. ஆறும்போது நீராவி மீண்டும் நீராகிச் சுருங்குவதால், சுற்றியிருக்கும் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. எனவே ஒன்றிரண்டு மணி நேரம் கொதித்ததும் கட்டையைச் சூட்டோடு வெளியே எடுத்துவிட்டால் பாதி உழைப்பு வீண், ஏனென்றால் தண்ணீர் போக வேண்டிய அறைகளுக்குள் மறுபடியும் காற்று போய்விடும். அதே நீரில் முழுவதும் ஆறவிட்டு, அதன் பிறகு நீரை மாற்றுங்கள். கொதிநீர் புழு பூச்சிகளையும் பாசியையும் கொன்றுவிடும். அண்டாவுக்குள் அடங்காத கட்டையின் ஒரு முனையைக் கொதிக்கவிட்டு, பிறகு திருப்பி வைத்து மறுமுனையைக் கொதிக்கவிடலாம். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள். பிரஷர் குக்கர் வேண்டவே வேண்டாம்; பட்டைத் துணுக்குகள் ஆவித் துளையை அடைத்துவிட்டால் ஆபத்து.

இனி ஊறவைத்தல். கட்டை முழுவதும் மூழ்கும்படி டிரம்மில் போட்டு, மேலே ஒரு கல்லை ஏற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர் பழுப்பாவதற்குக் காரணம் டானின், அதாவது கடுக்காயிலும் வாழைப்பூவிலும் நாம் அறிந்த அதே துவர்ப்புப் பொருள். நைலான் வருவதற்கு முன் பருத்தி வலைகள் மக்காமலிருக்க மீனவர்கள் மரப்பட்டைச் சாற்றில் அவற்றைத் தோய்த்து எடுத்தது இந்தத் துவருக்காகவே. டானின் மீனைக் கொல்லாது. ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் காய்ந்த நாட்டு வாதுமை இலையைத் தொட்டியில் போடுவது இதை விரும்பித்தான். நீரின் அமிலத்தன்மையை இது சற்றுக் கூட்டும். ஆனால் கடினத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீரில் அந்த மாற்றம் தெரியவே தெரியாது. நம் பகுதியில் பல வீடுகளின் நிலை அதுதான். ஆக, நிறத்தை முழுவதும் போக்குவதா, ஓரளவு விட்டுவைப்பதா என்பது உங்கள் விருப்பம். எனக்கு இளம்பழுப்பு பிடிக்கும்.

எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும் என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. ஆப்பிரிக்க மரமான மோபானி போன்ற கனத்த கட்டை முதல் நாளே மூழ்கிவிடும், ஆனால் வாரக்கணக்கில் நிறம் விடும். மெல்லிய கிளைகளாகப் பிரிந்திருக்கும் ஸ்பைடர் வுட் அவ்வளவாக நிறம் விடாது, ஆனால் மூழ்குவதற்குப் பிடிவாதம் பிடிக்கும். நாள்காட்டியை விட்டுவிட்டு வாளியைப் பாருங்கள். மாற்றிய தண்ணீர் இரண்டு நாள் கழித்தும் தெளிவாக இருந்து, கல்லை எடுத்த பின்னும் கட்டை அடியிலேயே கிடந்தால் அது தயார்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். மாடியில் மூடாமல் வைத்த டிரம்மைக் கண்டால் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் உங்களைச் சும்மா விடமாட்டார், விடவும் கூடாது. டிரம்மை வலைத்துணியால் கட்டி மூடுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், தண்ணீர் மாற்றும்போது உட்புறத்தையும் தேய்த்துவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடரில் போட்டால் சீக்கிரம் முடியுமே என்பார்கள். கல்லுக்கு அது சரி. மரமோ குளோரினை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் மெல்ல விடும்.

[காட்சி: கட்டையின் அடியில் கல்லைத் திருகால் பொருத்தும் கைகள்.]

எவ்வளவு ஊறியும் மூழ்காத கட்டையை ஒரு கல்லோடு எவர்சில்வர் திருகு போட்டு இணைத்துவிடலாம். வீட்டில் மீந்த கடப்பா கல்தான் கைக்கு முதலில் வரும்; ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை, மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். கிரானைட் கடையில் மீதித் துண்டு கேட்டு வாங்குங்கள். கட்டையின் மீது ஜாவா மாஸ், அனுபியாஸ் போன்ற செடிகளைப் பருத்தி நூலால் கட்டிவிட்டால், நூல் மக்குவதற்குள் வேர் பிடித்துவிடும்.

தொட்டியில் இறக்கிய ஒன்றிரண்டு வாரத்தில் கட்டையின் மேல் வெள்ளையாக, சளி போல ஒரு படலம் வரும். இதைப் பார்த்துப் பயந்து கட்டையைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. மரத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரைச் சத்தைத் தின்று வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது. மீனுக்குத் தீங்கில்லை, இறாலும் நத்தையும் விரும்பி மேயும். பார்க்கப் பிடிக்காவிட்டால் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஃபில்டர் இழுக்கும் முன் குழாய் வைத்து உறிஞ்சிவிடுங்கள். இதற்கென்று பாசியை உறிஞ்சித் தின்னும் சக்கர் மீன் வாங்கிவிடாதீர்கள். இரண்டடித் தொட்டியில் அடங்காத அளவுக்கு அது வளர்ந்துவிடும், பிறகு அதைப் பக்கத்து ஏரியான ரெட்டேரியில் கொண்டுபோய் விடத் தோன்றும். சத்து தீர்ந்ததும், பெரும்பாலும் சில வாரங்களில், படலம் வருவது நின்றுவிடும்.