வலையில் ஏறிய கடற்பஞ்சு

(நீரோடிக்கு அருகே ஒரு கடற்கரை வாசகசாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மாரே, பிள்ளைகளே, வணக்கம்.

கேரள எல்லை இங்கிருந்து கூப்பிடு தூரம். உடம்புக்குப் பெரிதாக ஏதும் வந்தால் நாம் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி ஏறுகிறோம். என் அக்காள் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நாங்களும் அப்படித்தான் போனோம். கட்டிலுக்கு மேலே தொங்கிய மருந்துப் பையில் 'சைட்டரபின்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் என் மாமா. நாற்பது வருஷம் பாரில், அதாவது கடலடிப் பாறையில், மூழ்கிச் சிப்பி எடுத்தவர். "மாமா, இந்த மருந்தோட கதை கடற்பஞ்சுல இருந்துதான் தொடங்குது" என்றேன். "வலையைக் கிழிக்கிற அந்தச் சவமா?" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கு உங்களுக்கும் சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த மேசையில் இருப்பது நேற்று கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையில் வந்த கடற்பஞ்சு. கிட்டே வந்து பாருங்கள், உடம்பு முழுக்கத் துளை. வெறும் கையால் மட்டும் தொடவேண்டாம். கண்ணாடித் தூள் மாதிரி நுண்ணிய முட்கள் விரலில் ஏறினால் ராத்திரி முழுக்க அரிக்கும். பார்த்தால் செடி மாதிரி இருக்கிறது, ஆனால் பிராணி. வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பும் இல்லை. துளை வழியே தண்ணீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும். மீன் கடிக்க வந்தால் ஓட முடியாது. பவளம் நெருக்கினால் நகர முடியாது. அதனால் நஞ்சை வைத்துத்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது. பல கடற்பஞ்சுகளில் அந்த நஞ்சைச் செய்து கொடுப்பவை உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்கள்.

வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஃப்ளோரிடா கடலில் கிடைத்த ஒரு பஞ்சை அசிட்டோனில் கொதிக்கவைத்தபோது படிகம் படிந்தது. அதற்குள் இருந்த பொருள்களைப் பற்றி 1950களின் தொடக்கத்தில் எழுதினார். நம் உயிரணு டி.என்.ஏ. கட்டுவதற்கு எடுக்கும் கல்லைப் போலவே அவை இருந்தன. உள்ளே இருக்கும் சர்க்கரை மட்டும் வேறு. அதை மாதிரியாக வைத்து வேதியியலாளர்கள் செய்ததுதான் சைட்டரபின். ஒன்று இரண்டாகப் பிரியும் அவசரத்தில் இருக்கும் புற்றணு அதையும் ஒரு கல் என்று நினைத்து எடுத்து வைக்கும். அதற்கு மேல் அடுத்த வரிசை உட்காராது, கட்டுமானம் நின்றுபோகும். அமெரிக்காவில் 1969இல் அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் கடுமையான இரத்தப் புற்றுக்கு அது முக்கியமான மருந்து.

இன்னொன்று, மார்பகப் புற்றுக்கான எரிபுலின். ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றில் 1986இல் கண்ட ஹாலிகாண்ட்ரின் என்ற பொருளிலிருந்து வந்தது. நியூசிலாந்தில் ஒரு டன் பஞ்சை எடுத்தும் கிடைத்தது ஏறக்குறைய 300 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பு அளவுதான்! அப்படியே எடுத்திருந்தால் பஞ்சும் மிஞ்சாது, பாரும் மிஞ்சாது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கிஷி என்ற வேதியியலாளரின் குழு 1992இல் அந்த மூலக்கூறு முழுவதையும் ஆய்வகத்திலேயே செய்துகாட்டியது. அப்புறம்தான் அதில் பாதிப் பகுதியே மருந்து வேலைக்குப் போதும் என்று தெரிந்தது. 2010இல் மருந்தாக வந்தது. கடற்பஞ்சு நமக்குக் கொடுத்தது சரக்கு இல்லை, சூத்திரம். அதைப் பிய்த்து விற்கத் தேவையில்லை, உயிரோடு விட்டுவைத்தால் போதும்.

வரும்போது வாசலில் ஒரு அண்ணன் கேட்டார், "காயவச்சுப் பொடிச்சுக் குடிச்சா கேன்சர் போவுமா?" என்று. அண்ணே, வேண்டாம். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். அதில் இருப்பது நஞ்சு. எவ்வளவு, எப்படி, யாருக்கு என்று வருஷக்கணக்கில் பார்த்த பிறகுதான் மருந்து.

சரி, நமக்கு இதில் என்ன? அகத்தியர் மலையில் காணிக்காரப் பழங்குடிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்டத்தார் 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தார்கள். உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. மலைக்காரர்களின் அறிவுக்கு விலை உண்டு என்றால் கடப்புறத்து அறிவுக்கும் உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் ஊருக்கு ஊர் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத இடம் இருக்கிறது. அதில் மூலிகையும் மாடும் ஆடும் இருந்தால் போதாது. நம் பாரும் பஞ்சும் இருக்க வேண்டும். எந்தப் பாரில் எந்த நிறத்துப் பஞ்சு, எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழம், எதைத் தொட்டால் கை வீங்கும், எதை மீன் கடிக்காது என்பது இங்கே பின்வரிசையில் இருக்கும் சிப்பிக்காரர்களுக்கு மனப்பாடம். எழுதிவைக்காவிட்டால் அவர்களோடு போய்விடும். விசைப்படகின் இழுவைமடி வலை பாரை உரசிப் போகிற வேகத்தில் பஞ்சும் போய்விடும்.

என் அக்காள் மகன் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறான். இதோ, முன்வரிசையில் நோட்டோடு இருக்கிறான். மாமா, நீங்க எழுந்து இந்த ஆரஞ்சுப் பஞ்சுக்கு நம்ம ஆட்கள் என்ன பேர் சொல்லுவாங்கன்னு சொல்லுங்க. அவன் எழுதிக்கொள்ளட்டும்.