தடையை நீக்குவது யார்? அணுவாயுதப் பேரங்களின் உண்மைச் சிக்கல்

[திரையில்: ஈரானின் நத்தான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தின் செய்மதிப் படம்]

வணக்கம். அணுவாயுதம் செய்ய முனையும் நாட்டைக் கட்டுப்படுத்தப் பொருளாதாரத் தடை சிறந்ததா, இராஜதந்திரம் சிறந்ததா? யாழ்ப்பாணத்துப் பாடசாலை விவாத அணிகளுக்கு ஏற்ற தலைப்புத்தான். ஆனால் மேடையில் இரண்டு அணிகள் எதிரெதிரே நிற்பதுபோல இவ்விரண்டும் நடைமுறையில் பிரிந்து நிற்பதில்லை.

ஈரானை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2006 இல் தடைகளை விதிக்கத் தொடங்கியது. 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியதோடு, அந்நாட்டு வங்கிகள் ஸ்விப்ட் கொடுப்பனவு வலையமைப்பிலிருந்தும் துண்டிக்கப்பட்டன. அதன் தாக்கம் இலங்கை வரை வந்தது. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானின் மசகு எண்ணெய்க்கு ஏற்ப அமைக்கப்பட்டது. அந்த நாட்டுக்குச் செலுத்தவேண்டியிருந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகத் தீர்ப்பதற்கு 2021 டிசெம்பரில்தான் உடன்பாடு ஏற்பட்டது. இத்தனை நெருக்கடிக்கு நடுவிலும், யுரேனியத்தைச் சுழற்றிச் செறிவூட்டும் ஈரானின் மையவிலக்குப் பொறிகள் பெருகிக்கொண்டேயிருந்தன. 2013 அளவில் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 19,000.

அவற்றைக் குறைத்தது, ஈரானுக்கும் ஐக்கிய அமெரிக்கா உள்ளிட்ட வல்லரசு நாடுகளுக்கும் இடையே 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் எட்டப்பட்ட உடன்பாடு. நிறுவப்பட்ட பொறிகள் சுமார் 6,000 ஆகக் குறைந்தன, செறிவூட்டல் 3.67 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, செறிவூட்டிய யுரேனியக் கையிருப்பு 300 கிலோவை மிஞ்சக்கூடாது என்று வரையறுக்கப்பட்டது. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பரிசோதகர்கள் உள்ளே சென்று பார்த்தார்கள். பதிலுக்குத் தடைகள் தளர்த்தப்பட்டன. தடைகள் இல்லாதிருந்தால் ஈரான் மேசைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் ஈரானிய மண்ணில் ஓரளவு செறிவூட்டலை ஐக்கிய அமெரிக்கா ஏற்றுக்கொள்ளாதிருந்தால், வந்தவர்கள் உடன்பட்டிருக்க மாட்டார்கள்.

[திரையில்: ஆயிரம் புள்ளிகள், அவற்றுள் ஏழு சிவப்பு]

இந்தச் சதவீதங்களைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களை எடுத்தால், எளிதில் பிளவுறும் யுரேனியம் 235 வகை அணுக்கள் ஏழு மட்டுமே. மற்றவற்றை விலக்கி இந்த வகையின் பங்கை உயர்த்துவதே செறிவூட்டல். கழிவோடு போகும் பங்கை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 3.67 சதவீதத்தை எட்டும்போது அந்த ஏழு உட்பட மொத்தம் 190 அணுக்கள் எஞ்சும். 60 சதவீதத்தில் எஞ்சுவன ஏறத்தாழ 12, ஆயுதத் தரமான 90 சதவீதத்தில் 8. அதாவது 60 ஐத் தொட்ட நாடு வேலையின் பெரும்பகுதியை முடித்துவிட்டது. ஈரான் உடன்பாட்டைக் கடைப்பிடிப்பதாக முகவரகம் அறிக்கையிட்டுக்கொண்டிருந்தபோதே, 2018 மே மாதம் ட்ரம்ப் அதிலிருந்து விலகி மீண்டும் கடுந்தடைகளை விதித்தார். 2021 ஏப்ரலில் ஈரான் 60 சதவீதச் செறிவூட்டலைத் தொடங்கியது.

வடகொரியாவிலும் கதை பெரிதும் வேறுபடவில்லை. ஐக்கிய அமெரிக்காவுடன் 1994 இல் செய்துகொண்ட ஜெனீவா உடன்படிக்கை யொங்பியொன் அணுவுலையை எட்டு ஆண்டுகள் முடக்கிவைத்தது. அது 2002 இல் முறிந்தபின், 2006 ஒக்டோபரில் முதற்குண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டது. அதன்பின் குவிந்த தடைகள் மேலும் ஐந்து சோதனைகளைத் தடுக்கவில்லை. லிபியா 2003 இல் தன் திட்டத்தைக் கைவிட்டது உண்மைதான். எட்டே ஆண்டுகளில் அதன் தலைவர் கடாபி ஆட்சியிழந்து கொல்லப்பட்டதை வடகொரியத் தலைமை மறக்கவுமில்லை. அணுச்சோதனைகளுக்காக இந்தியா, பாகிஸ்தான் மீது 1998 இல் விதிக்கப்பட்ட அமெரிக்கத் தடைகளோ மூன்றே ஆண்டுகளில் பெரும்பாலும் விலக்கப்பட்டன. இருவரிடமும் குண்டுகள் அப்படியே இருக்கின்றன.

தடையின் சுமை யார் தலையில் விழும் என்பதை எங்கள் குடாநாட்டுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் பெற்றோலும் மின்கலமும் தடைசெய்யப்பட்டிருந்தபோது, ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். போரோ தொடர்ந்தது. தெஹ்ரானிலும் மருந்துக்கு அலைந்தவர்கள் நோயாளர்களே. செறிவூட்டலைத் தீர்மானித்தவர்கள் அல்லர்.

அதற்காகத் தடையே பயனற்றது என்று நான் வாதிடவில்லை. விலக்கப்படும் என்று எதிர்த்தரப்பு நம்பும் வரையில்தான் அதற்குப் பேரம்பேசும் வலு உண்டு. அமெரிக்கத் தடைகள் பல கொங்கிரஸின் சட்டங்களாக இருக்கின்றன. 2015 இல் ஒபாமா அவற்றை நீக்கவில்லை, அவற்றின் செயற்பாட்டைக் குறித்த காலத்துக்கு நிறுத்திவைக்கத்தான் முடிந்தது. உடன்பாடும் செனட் அங்கீகரித்த ஒப்பந்தம் அன்று. ஆகவே அடுத்த ஜனாதிபதியின் ஒரு கையொப்பம் எல்லாவற்றையும் கவிழ்க்கப் போதுமானதாயிற்று.

[திரையில்: ஈரானின் போர்தோ நிலத்தடிச் செறிவூட்டல் நிலையம் உள்ள மலைப்பகுதி, 2025]

2025 ஜூனில் இஸ்ரேலும் ஐக்கிய அமெரிக்காவும் ஈரானிய நிலையங்களைத் தாக்கின. செப்டெம்பரில் பிரித்தானியா, பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவற்றின் முயற்சியால் ஐ.நா. தடைகள் முழுமையாக மீண்டன. தாக்குதலுக்கு முன் ஈரானிடம் 60 சதவீத யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் இருந்தது என்பது முகவரகத்தின் கணக்கு. 2025 நவம்பரில், பல மாதங்களாக அதை நேரில் சரிபார்க்க முடியவில்லை என்று அதே முகவரகம் தெரிவித்தது.