செம்பனைத் தோட்டத்து மண்ணுக்குள் யார் குடியிருக்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

மழைக்காட்டை அழித்துத் தோட்டம் போட்டால் மண்ணில் பூஞ்சை இனங்கள் சரிந்துவிடும் என்றுதான் நினைப்போம். சுமத்ராவின் ஜாம்பி மாகாணத்தில், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகமும் இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இதைச் சோதித்தன. மழைக்காடு, காட்டு மரங்களுக்கிடையே ரப்பர் வளரும் கலப்புத் தோப்பு, தனி ரப்பர், எண்ணெய்க்கான செம்பனை என நான்கு வகை நிலம். வகைக்கு எட்டாக மொத்தம் 32 திடல்கள், ஒவ்வொன்றும் 50 மீட்டர் சதுரம்.

2019-இல் வெளிவந்த முடிவு ஆய்வாளர்களே எதிர்பாராதது. இனவளம் பெரிதாகச் சரியவில்லை, குடியிருப்பவைதான் மாறிப்போயிருந்தன. ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் வெகுவாகக் குறைந்து, மட்கை உண்பவையும் நோய்ப் பூஞ்சைகளும் கூடியிருந்தன. வெறும் இன எண்ணிக்கையைச் சொல்லும் அறிக்கையை நம்பாதீர்கள் என்பேன்.

அந்தக் காடுகளின் பெருமரங்கள் பல, நம் குங்கிலிய மரத்தின் உறவினங்கள். அவற்றின் வேர்நுனியை உறைபோல மூடி வாழும் பூஞ்சைதான் வேர் வெளிப்பூசணம். அதற்குச் சோறு மரம் தரும் சர்க்கரை. ரப்பரும் செம்பனையும் சேர்த்துக்கொள்வதோ வேருக்குள் புகுந்து வாழும் வேர் உட்பூசணத்தை. காட்டு மரத்தை வெட்டியதும் முன்னதற்குப் பிழைப்பு போய்விடுகிறது. பின்னதற்கும் முழு வாழ்வில்லை: பூசணம் தேடித் தரும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரமாகவே தாராளமாகக் கிடைக்கும்போது பயிர் பூசணத்துக்குச் சர்க்கரையை அளந்துதான் கொடுக்கும். சுண்ணாம்பு போட்டால், புளிப்பு மண்ணுக்குப் பழகிய இனங்களும் இடம்பெயரும்.

மண் மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். செம்பனையை 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 143 மரம். மரத்தடி வட்டத்தில் உரமும் களைக்கொல்லியும் விழும். ஓலை குவித்த வரிசையில் மட்கு சேரும். நடைபாதை இறுகிக் கிடக்கும். வட்டத்தில் மட்டும் தோண்டினால் தோட்டத்தை அல்ல, உரமூட்டையை அளந்ததாகும். மூன்றிலும் எடுத்துத் தனித்தனியே குறியுங்கள். மண்ணைச் சலித்து வேர்களை நீக்கி, உடனே உறைய வையுங்கள். வெயிலில் கிடந்தால் வேகமாக வளரும் பூஞ்சைகள் பெருகிக் கணக்கைக் குழப்பும். வழக்கமான பூஞ்சை டிஎன்ஏ சோதனையில் வேர் உட்பூசணம் சரியாகச் சிக்காது; அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

தோட்டக்காரரை நேராகத் தாக்குவது கானோடெர்மா போனினென்ஸ் என்ற அடித்தண்டழுகல் பூஞ்சை. பழைய செம்பனையின் அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டு மறுநடவு செய்தால், அது அங்கே தங்கிப் புதுக் கன்றின் வேருக்குத் தாவும். கட்டையை வேர்த்திரளோடு தோண்டிச் சிதைத்து உலர்த்த வேண்டும். விரியாத குருத்தோலைகள் இரண்டு மூன்று சேர்ந்து நின்றாலே சந்தேகப்படுங்கள். அடித்தண்டில் காளான் தட்டு தெரியும்வரை காத்திருந்தால், அதற்குள் உள்தண்டு பெருமளவு அழுகியிருக்கும்.