என்ஜினை இறக்குவதற்கு முன்னால்

வணக்கம் நேயர்களே. பல கை மாறி வந்த பழைய லாரியை வாங்கி ஓட்டுகிறவர்களிடம்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஒருநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது, இல்லையென்றால் ஏற்றத்தில் இழுக்காது, புகை தள்ளும், சூடேறும். உடனே பக்கத்தில் நிற்கிறவர்கள் "என்ஜின் போச்சு, இறக்கித்தான் ஆகணும்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சுக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். டீசல் என்ஜினுக்குக் காற்று வேண்டும், சுத்தமான டீசல் வேண்டும், சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் வேண்டும், சூட்டை வெளியேற்றத் தண்ணீரும் உராய்வுக்கு ஆயிலும் வேண்டும், சுற்றிவிட பேட்டரி வேண்டும். இதில் எது குறைகிறது என்பதை என்ஜினைத் திறக்காமலே பார்த்துவிடலாம், கம்ப்ரஷனைக்கூட.

காலை ஸ்டார்ட்டிங்கில் இருந்து தொடங்குவோம். செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் நல்ல வேகத்தில் சுற்றுகிறதா என்று முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். இழுத்து இழுத்துச் சுற்றினால் டீசல் பக்கம் போகவே வேண்டாம், கரண்ட் பக்கம் பாருங்கள். பெரிய லாரிகளில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்து 24 வோல்ட் எடுத்திருப்பார்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால் எர்த் கேபிளையும் சோதித்துவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை என்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளோ அதன் முனைகளோ துருப்பிடித்திருக்கும்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அல்லது ரொம்ப நேரம் சுற்றியபிறகு பிடித்து, தடுமாறி, அப்புறம் சரியாகி, நாள் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது, மறுநாள் காலையில் மறுபடி அதே கதை. இந்தக் கதையைச் சொன்னால் பலரும் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றச் சொல்வார்கள். நான் டீசல் லைனைப் பார்க்கச் சொல்வேன். பழைய வண்டியில் ஏர் பிடிப்பது அவ்வளவு சகஜம், அது கண்ணில் படாததற்குக் காரணமும் உண்டு. டேங்கில் இருந்து, டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப் வரை உள்ள பைப்பில் டீசல் உறிஞ்சப்படுகிறது, அதாவது வண்டி ஓடும்போது அந்த இடத்தில் வெளியே இருப்பதைவிட அழுத்தம் குறைவு. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் உறிஞ்சினால் வெளியே சிந்தாது, காற்றுதான் உள்ளே வரும், இங்கேயும் அதுதான் நடக்கிறது. கீழே ஒரு சொட்டு டீசலும் இல்லையே, லீக் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள், ஆனால் ராத்திரி நின்ற நேரத்தில் அந்த வழியாகக் காற்று புகுந்து லைனில் உள்ள டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கியிருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. டீசல் தாங்கக்கூடிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் வாங்கி ஃபீட் பம்ப்புக்கு முன்னால் மாட்டி என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். நுரையோ குமிழோ ஓடினால், காற்று அதற்கும் டேங்குக்கும் இடையில் எங்கேயோ புகுகிறது. குழாயை டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் எந்த இடத்தைத் தாண்டியதும் குமிழ் நிற்கிறதோ, குற்றவாளி அங்கேதான். பெரும்பாலும் கிளாம்ப்புக்கு அடியில் வெடித்த ரப்பர் ஹோஸாக இருக்கும், இல்லையென்றால் மறுபடி மறுபடி போட்டு நசுங்கிப்போன காப்பர் வாஷராகவோ, ஃபில்டரின் ரப்பர் ரிங்காகவோ, கைப் பம்ப்பின் சீலாகவோ இருக்கும். காப்பர் வாஷரைக் கழற்றும்போதெல்லாம் புதிதாகப் போடுங்கள், அதில் கஞ்சத்தனம் பார்ப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சரிசெய்த பிறகு ஃபில்டர் மேலே உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப் பம்ப்பை அடியுங்கள். முதலில் வெள்ளை நுரை வரும், அப்புறம் இடையிடையே குமிழோடு டீசல் வரும், கடைசியில் கண்ணாடி மாதிரி தெளிவாக வழியும், அது வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை முறுக்கிவிட வேண்டும்.

ஸ்டார்ட்டிங் நன்றாக இருந்து, கொஞ்ச தூரம் போனதும் இழுவை விழுந்து, ஓரமாக நிறுத்தி எடுத்தால் மறுபடி இழுக்கிறதா? டீசல் ஃபில்டரும் டேங்குக்குள் இருக்கும் சல்லடையும் அடைத்திருக்கலாம். அதற்கும் முன்னால், இழுவை விழுந்த அந்த நேரத்திலேயே வண்டியை நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

புகைக்கு வருவோம். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டர், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவில் இருந்து வரும் ஹோஸில் கீறல், அப்புறம் நாசில் என்ற வரிசையில் பாருங்கள். பழைய வண்டிகளில் இழுவைக்காகப் பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்திருப்பதும் உண்டு, அது பிஸ்டனை உருக்கிவிடும் அளவுக்குச் சூட்டை ஏற்றும், பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை கண்ணை எரித்து, சூடானதும் நின்றுபோனால் அது எரியாத டீசல். சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாடை அடித்தால் ரேடியேட்டர் தண்ணீரான கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது, அன்றைக்கே கவனியுங்கள்.

மிஸ் அடித்தால், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் என்ஜின் தடுமாறினால், ஐட்லிங்கில் ஓடவிட்டு நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கித் தரும் காமன் ரெயில் என்ஜினில் இதைச் செய்யவே கூடாது, அங்கே அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஊசி குத்திய மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது, ஆனால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது, தாமதித்தால் விரலே போய்விடலாம்.

சூடேறும் வண்டிக்குப் பலரும் செய்கிற வேலை, தண்ணீர் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. வேண்டாம். அது இல்லாமல் ஓடும் என்ஜின் சாதாரணமாக உரிய சூட்டுக்கு வராது, டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி அடைபடும், அதை எடுத்துவிட்டால் ரேடியேட்டருக்குப் போகாமலே சுடுதண்ணீர் திரும்பிவிடும், லோடு ஏற்றினால் சூடு இன்னும் ஏறலாம். சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரிக்குப் பக்கத்தில் மெல்லத் திறக்க ஆரம்பிக்க வேண்டும், திறக்கவில்லை என்றால் புதிது போடுங்கள். ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையில் ஆயிலும் தூசியும் சேர்ந்து அப்பியிருக்கும், அதை என்ஜின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். சூட்டோடு அந்த மூடியைத் திறக்கவே கூடாது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள், விடாமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம்.

ஆயில் குறைவதைவிட ஆயில் மட்டம் ஏறுவதுதான் எனக்குப் பயம். டிப் ஸ்டிக்கில் டீசல் வாடை அடித்தாலோ, பால் கலந்த மாதிரி இருந்தாலோ ஓட்டாதீர்கள். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் உடனே என்ஜினை நிறுத்துங்கள், ஆனால் பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் தனி மீட்டர் மாட்டி அளந்து பாருங்கள், சென்சாரே கெட்டிருப்பதும் நடக்கிறது.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது, இன்னும் இழுவை இல்லை என்றால் என்ஜின் சூடாக இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது சிலிண்டரின் அழுத்தம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது. அப்போதுகூட கேஜ் மாட்டி எல்லாச் சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து எழுதி வையுங்கள். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதன் டேப்பட் கேப்பை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சோதியுங்கள், இறுகியிருக்கும் டேப்பட் வால்வை முழுதாக மூடவிடாது. கேப்பைச் சரிசெய்து மறுபடி அளந்தும் அதே அளவு காட்டினால், சரி, இப்போது ஹெட்டைத் திறக்கச் சொல்லலாம். வணக்கம்.