நெல்லிக்கனி வாங்கியவள்

நேயர்களுக்கு வணக்கம். பேய்க்கதை படிக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் நெல்லிக்கனியைப் பற்றிப் பேசப்போகிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

தருமபுரிக்காரர்களுக்கு அதியமான் கதையைச் சொல்லவே வேண்டாம். பள்ளி ஆண்டு விழா என்றால் அட்டைக் கிரீடத்தோடு ஓர் அதியமானும், தலைக்குப் பவுடர் பூசி நரைத்த ஓர் அவ்வையும் மேடையேறிவிடுவார்கள். கனி கைமாறும், கைதட்டல், திரை. எனக்கென்னவோ கதையே அதற்கப்புறம்தான் என்று படுகிறது.

புறநானூறு 91ஆம் பாட்டைப் பாருங்கள். பெரிய மலைப் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியில் கிடைத்த கனி. தின்றால் சாவு விலகும். அந்த மகிமையை வாய்விட்டுச் சொல்லாமல், மனசுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு அவ்வைக்குக் கொடுத்துவிட்டான். சாகாவரம் கையில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவன் மனசு என்ன பாடுபட்டதோ, பாட்டில் இல்லை.

மேற்கே கோதிக் கதைகள் என்று ஒரு வகை. பாழடைந்த மாளிகை, இருட்டு, பரம்பரை ரகசியம் இதெல்லாம் இருக்கும். 1818இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' அதில் பேர்போனது. எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு 18 வயதுதான். விக்டர் என்கிற மாணவன் ஓர் உருவத்தைச் செய்து உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்ததும் பயந்து ஓடிவிடுகிறான். அப்புறம் அது தானாகவே வளர்கிறது. ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்து, பலகை இடுக்கு வழியாக அந்த வீட்டாரைப் பார்த்துப் பார்த்தே பேச்சு கற்கிறது. தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துத் திடுக்கிடுகிறது. இந்த உயிரை நான் கேட்டேனா என்பதுதான் அதன் வழக்கு.

அவ்வையும் கேட்கவில்லையே! நீலகண்டனைப் போல நிலைத்திரு என்று அதே பாட்டில் அவனை வாழ்த்துகிறாள். நடந்தது வேறு. சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை, அதியமானின் தகடூரை, அதாவது நம் தருமபுரியை, வீழ்த்தினான். அதியமானும் மாண்டான். புறநானூறு 232ஆம் பாட்டில் அவனுக்கு நடுகல், அதாவது மாண்ட வீரனுக்கு நடும் நினைவுக்கல். மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் ஊற்றுகிறார்கள். மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறாள். அந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? காலையும் மாலையும் இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்று. சாவு விலகக் கனி தின்றவள் சொல்கிறாள்! (நடுகல் பார்க்காத பிள்ளைகள் தருமபுரி அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.)

விக்டரையும் அதியமானையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று கோபப்படாதீர்கள். ஆசையிடம் தோற்றவன் விக்டர், ஆசையை வென்றவன் அதியமான். அதியமான் ஓடவும் இல்லை. ஆனாலும் கொடுத்தவன் போனபிறகு அந்த வரத்தைச் சுமந்தது அவள்தானே. வள்ளலையே பாடிப் பாடி, வாங்கியவளை விட்டுவிட்டோம்.

பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ப்ளஸ் ஒன் பிள்ளை யாராவது திகில் கதை எழுத உட்கார்ந்தால், கொலுசுச் சத்தமும் வெள்ளைச் சேலையும் வேண்டாம். அவ்வை பக்கம் நின்று எழுதுங்கள். அவளைக் கிழவியாக்கவும் வேண்டாம்; சங்கப் பாட்டில் அவள் இளம் விறலி, ஆடிப் பாடும் கலைஞி; அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போன கெட்டிக்காரி. கனி இனித்தது என்பது மட்டும்தான் முதலில் அவளுக்குத் தெரியும். தின்றது என்ன என்று தெரியவந்த நாளிலிருந்து தொடங்குங்கள். வணக்கம்.