ஸ்ப்ரே அடித்தும் தீராத கரகரப்பு

வணக்கம் மக்களே. கேமரா கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, தெரியும். ஸ்டாண்டு வைக்கிற இடத்தில் ஒரு பேஸ் கிடார் மல்லாந்து படுத்திருக்கிறது. மேசையைப் பற்றி யாரும் கமெண்ட் போட வேண்டாம், அது எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

இன்றைக்கு எனக்கு இருக்கிற எரிச்சலுக்குப் பெயர் கான்டாக்ட் க்ளீனர், மின் தொடர்புகளைச் சுத்தம் செய்கிற ஸ்ப்ரே. வால்யூமைத் திருப்பினால் கரகர என்கிறதா? ஸ்ப்ரே அடி. டோன் சத்தம் போடுகிறதா? ஸ்ப்ரே அடி. எந்த வீடியோவுக்குக் கீழே போய்ப் பார்த்தாலும் இதே வைத்தியம்தான். நானும் ஸ்ப்ரேவுக்கு எதிரி இல்லை, பாட்டுக்குள் தூசி இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். இங்கே பாட் என்றால் குமிழுக்கு அடியில் இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனால் தூசியே இல்லாத பாட்டில் எத்தனை டப்பா அடித்தாலும் என்ன ஆகப்போகிறது? கூரை ஒழுகும்போது தரையைத் துடைக்கிற கதைதான்.

இந்த பேஸ் எனக்குத் தெரிந்த ஒருவருடையது. அஞ்சு தந்தி, உள்ளே ஆக்டிவ் ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்குகிற சின்னப் பலகை), அதை ஓட்ட 9 வோல்ட் பேட்டரி. வால்யூம் கரகரக்கிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்திருக்கிறார். ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தார்கள். போகவில்லை. திரும்பக் கொண்டுபோனார், பாட்டையே மாற்றினார்கள். புத்தம் புது பாட், அதுவும் கரகரக்கிறது! அதற்கு அவர்கள் சொன்ன பதில், 'இந்த கிடாரே இப்படித்தான்.' இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பேட்டரியில் ஓடுகிற ப்ரீஆம்ப்பில் ஆப்-ஆம்ப் ஐசியின், அதாவது பெருக்குகிற சில்லின், அவுட்புட் பின் சும்மா இருக்கும்போதே பாதி வோல்ட்டேஜில், அதாவது ஏறக்குறைய 4.5 வோல்ட்டில் நிற்கும். உங்கள் சிக்னல் அந்த 4.5-க்கு மேலும் கீழும் ஆடும். அந்த 4.5 டிசி, அதாவது ஆடாமல் நிற்கிற வோல்ட்டேஜ். அது வால்யூம் பாட்டுக்குப் போகக் கூடாது. அதைத் தடுத்து, ஆடுகிற சிக்னலை மட்டும் விடத்தான் நடுவில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அது ஒழுங்காகத் தடுத்தால் பாட்டில் டிசி பூஜ்யம். கசிந்தால், பாட்டின் கார்பன் பாதை முழுக்க டிசி ஏறி உட்கார்ந்துவிடும். அப்போது குமிழைத் திருப்பினால், உள்ளே தேய்ந்துகொண்டு போகிற அந்தச் சின்ன வைப்பர் ஒவ்வொரு இடத்திலும் வோல்ட்டேஜைக் குதிக்க வைக்கும். அந்தக் குதிப்புதான் உங்கள் காதில் கரகர. திருப்புவதை நிறுத்தினால் சத்தமும் நின்றுவிடும். அதனால்தான் எல்லோரும் பாட்டைச் சந்தேகப்படுகிறார்கள். அது பாவம், ஒன்றும் செய்யவில்லை.

மல்டிமீட்டரை எடுங்கள். டிசி வோல்ட். கறுப்பு முள் பாட்டின் முதுகில், அதுதான் கிரவுண்ட். சிவப்பு முள், ப்ரீஆம்ப்பிலிருந்து வயர் வருகிற காலில். நான் வைத்ததும் மீட்டர் காட்டியது 2.3 வோல்ட். மில்லிவோல்ட் இல்லை, வோல்ட்! ஏதோ கொஞ்சம் கசிந்திருக்கும், நூறோ இருநூறோ மில்லிவோல்ட் வரும் என்று நினைத்திருந்தேன். இரண்டு வோல்ட்டுக்கு மேல் என்றால் அது கசிவு இல்லை, கதவையே திறந்து வைத்தது மாதிரி.

ஐயோ, ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன், அதைச் சொல்லாவிட்டால் நீங்கள் அளந்து பார்த்து 'எனக்கு பூஜ்யம்தான் வருகிறது' என்பீர்கள். அளக்கும்போது கேபிளின் ப்ளக் கிடாரில் செருகியிருக்க வேண்டும். ஆக்டிவ் பேஸில் இருப்பது ஸ்டீரியோ ஜாக். பேட்டரியின் மைனஸ் வயர் அதன் ரிங் காலுக்குப் போகும். மோனோ ப்ளக்கைச் செருகினால்தான் ரிங்கும் கிரவுண்டும் சேர்ந்து ப்ரீஆம்ப் உயிர் பெறும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கி வையுங்கள் என்று நான் வீடியோவுக்கு வீடியோ கத்துவதும் இதனால்தான். செருகியே வைத்தால் பேட்டரி ராத்திரி முழுக்கத் தீர்ந்துகொண்டிருக்கும். இன்னொன்று, செருகிய உடனே அளக்காதீர்கள். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகி நிலைக்கு வர ஓரிரண்டு நிமிடம் கொடுங்கள்.

இப்போது பலகையைப் பாருங்கள். கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன். ஃபோகஸ்... ஃபோகஸ்... வந்துவிட்டது. இந்த எட்டுக் கால் ஐசி டிஎல்062. பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப்புக்கு நல்ல தேர்வு, டிஎல்072 இதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இதன் ஏழாவது பின் அவுட்புட். அங்கே 4.5 வோல்ட் ஒழுங்காக இருக்கிறது. பக்கத்தில் இந்தக் கறுப்பு உருளை 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக், பிளஸ் மைனஸ் பார்த்து மாட்ட வேண்டிய கெப்பாசிட்டர். உடம்பில் வெள்ளைப் பட்டை தெரிகிறதா? அந்தப் பக்கம் மைனஸ். அந்த மைனஸ் கால் எங்கே போகிறது? நேராக ஏழாவது பின்னுக்கு! 4.5 வோல்ட் இருக்கிற இடத்தில் மைனஸ், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பிளஸ். எலக்ட்ரோலிடிக்கைத் தலைகீழாக மாட்டினால் அது தடுக்காது, கசியும்.

மாட்டியவர் கவனக்குறைவானவர் என்றுதான் முதலில் திட்டினேன். அப்புறம் கெப்பாசிட்டரைக் கழற்றினால், பலகையில் அச்சடித்திருக்கிற பிளஸ் குறியே தப்பான பக்கம் இருக்கிறது. மாட்டியவர் அச்சைப் பார்த்து ஒழுங்காகத்தான் மாட்டியிருக்கிறார். நான் எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். அந்தச் சந்தோஷம் உங்களில் சாலிடரிங் அயர்ன் பிடிப்பவர்களுக்குப் புரியும், மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அதே எலக்ட்ரோலிடிக்கைத் திருப்பி மாட்டினாலே போதும்தான். நான் மாட்டவில்லை. இத்தனை காலம் தலைகீழாக நின்ற கெப்பாசிட்டரை நான் நம்பமாட்டேன். சிக்னல் போகிற வழியில் எலக்ட்ரோலிடிக்கே எனக்குப் பிடிக்காது, பழைய ஆட்களுக்குத் தெரியும். 1 மைக்ரோ ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டேன். அதற்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எந்த அச்சும் என்னை ஏமாற்ற முடியாது.

பத்திலிருந்து ஒன்றுக்கு இறக்கினால் பேஸ் குறையாதா என்று இந்நேரம் டைப் செய்துகொண்டிருப்பீர்கள். இதில் வால்யூம் பாட் 25 கே, அதாவது 25 ஆயிரம் ஓம். 1 மைக்ரோவும் 25 கே-யும் சேர்ந்தால் வெட்டு விழுவது 6.4 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழேதான் சத்தம் கணிசமாகக் குறையும். அஞ்சு தந்தி பேஸின் கீழ் பி தந்தி 31 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் இழப்பு கால் டெசிபெல்கூட இல்லை. உங்கள் ஸ்பீக்கர் இதைவிட ஆயிரம் மடங்கு துரோகம் செய்கிறது.

இப்போது மீட்டர் 0.1 மில்லிவோல்ட். கேளுங்கள், திருப்புகிறேன். ஒன்றுமில்லை. வேகமாக. ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. இதை எடிட்டில் வெட்டமாட்டேன், வேண்டுமென்றால் ஓட்டிவிட்டுப் போங்கள்.

அடுத்து, போன வீடியோவில் சொன்ன பச்சை ஓவர்டிரைவ் பெடல், சத்தத்தை வேண்டுமென்றே கொஞ்சம் உடைக்கிற பெட்டி. ட்யூப் ஸ்க்ரீமர் என்கிற பிரபலமான கிடார் பெடலின் சர்க்யூட்டை வைத்து நானே கட்டியது. பேஸில் போட்டால் அடிச்சத்தம் காணாமல் போகிறது என்று நிறையப் பேர் கேட்டீர்கள். காரணம் இரண்டே பாகம். முதல் ஆப்-ஆம்ப்பில் 4.7 கே ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ கெப்பாசிட்டரும் கிரவுண்டுக்குப் போகின்றன. அந்த ஜோடி நிற்பது 720 ஹெர்ட்ஸில். அதற்குக் கீழே போகப்போக கெயின், அதாவது பெருக்கம், குறைந்துகொண்டே வரும். நாலு தந்தி பேஸில் ஜி தந்தியின் 24-ஆவது ஃப்ரெட்டே 392 ஹெர்ட்ஸ்தான். அதாவது, நீங்கள் எங்கே விரல் வைத்தாலும் அடிப்படைச் சுரம் 720-ஐத் தொடவே தொடாது! டிரைவ் குமிழை முழுக்க ஏற்றினால் மேலே 118 மடங்கு கெயின், திறந்த ஈ தந்திக்கு ஏழு மடங்குகூட இல்லை. ஆறு தந்தி கிடாருக்காகத் தெரிந்தே செய்த வேலை, கிடாருக்கு அது அருமை. நமக்குத்தான் ஆகாது.

473 என்று எழுதியிருக்கிற அந்த 0.047 மைக்ரோ கெப்பாசிட்டரைக் கழற்றி 474, அதாவது 0.47 மைக்ரோ போட்டேன். 720 அப்படியே 72-க்கு இறங்கிவிடும். 1 மைக்ரோ போட்டு 34 ஹெர்ட்ஸ் வரை போகாதீர்கள். கீழ்ச்சுரம் எல்லாம் சிக்னலின் தலையை வெட்டுகிற டயோடில் மோதிக் கூழாகிவிடும், எனக்கு அந்தச் சத்தம் அறவே பிடிக்காது. சில பேருக்குப் பிடிக்கும், அவர்கள் ஃபஸ் ஆட்கள், கரடுமுரடான சத்தம்தான் வேண்டும் என்பவர்கள். அவர்களோடு நான் சண்டை போடுவதில்லை.

ஆ, மறந்தேன். பெடல் செத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்களே ஒருவர், தப்பான அடாப்டர் செருகினேன் என்று. பெரும்பாலான பெடல்களுக்கு நடு முள் மைனஸ். உள்ளே பவர் ஜாக்குக்குப் பக்கத்தில் 1என்4001 டயோடு குறுக்காக இருந்தால், அது தன்னைப் பலி கொடுத்து ஷார்ட் ஆகியிருக்கலாம். பவரைப் பிடுங்கிவிட்டு மீட்டரில் பீப் வைத்து டயோடின் இரண்டு காலிலும் முள்ளை வையுங்கள். முள்ளை மாற்றி வைத்தாலும் கத்தினால் டயோடின் ஒரு காலைப் பலகையிலிருந்து தூக்கி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் கத்தினால் டயோடை மாற்றுங்கள், பெடல் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கேமராவில் கார்டு நிறைந்துவிட்டது என்று சிவப்பு மினுக்குகிறது. 473-க்கும் 474-க்கும் ஒலி வித்தியாசத்தைத் தனி வீடியோவாக ஏற்றுகிறேன். தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு 'ஒரு வித்தியாசமும் இல்லையே' என்று எழுதினால் பதில் போடமாட்டேன். அந்த ஸ்பீக்கரில் திறந்த ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது.