படித்ததும் எரித்துவிடவும்

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னை அறிமுகம் செய்தபோது "கடற்படை வரலாறு பற்றிப் பேசுவார்" என்றார். உடனே பின்வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பீரங்கிச் சத்தத்தை எதிர்பார்க்கிறார்கள் போல. அவர்களிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இன்றைய கதாநாயகன் கடற்படைச் சீருடை போட்டவரில்லை. செத்துப்போன அட்மிரல்களின் கடிதங்களைப் படிப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு, அதற்காகக் கடல் தாண்டிக் கடல் தாண்டிப் போய்வந்தவர். பெயர் ஆர்தர் மார்டர்.

1910இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்டில் படித்து 1936இல் முனைவர் பட்டம் வாங்கினார். எடுத்துக்கொண்ட துறை, பிரிட்டிஷ் கடற்படை. கொஞ்சம் வேடிக்கையான தேர்வுதான். கடற்படை வரலாறு எழுதுவது அன்றைக்குப் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் சொத்து. இந்தத் துறையில் உலகப்புகழ் பெற்ற இன்னொரு அமெரிக்கரான ஆல்ஃபிரட் மஹான்கூட ஒரு கடற்படை கேப்டன்தான். அங்கே அந்நிய நாட்டு இளைஞர் ஒருவர் போய், "உங்கள் தாத்தா காலத்தில் முடிவுகளை எப்படி எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும், பீரோவைத் திறங்கள்" என்று கேட்டால் என்ன ஆகும்? ஆச்சரியம் என்னவென்றால், திறந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி, அதுவரை வெளியார் பார்க்காத கட்டுகளை அவர் மேசைக்கு அனுப்பியது.

அதிலிருந்து 1940இல் பிறந்த முதல் புத்தகம், 1880 முதல் 1905 வரையிலான பிரிட்டிஷ் கடற்படைக் கொள்கையைப் பற்றியது. பிரிட்டன் ஒரு பெரிய கடற்போர்கூடச் செய்யாத இருபத்தைந்து வருடங்கள்! அப்படியானால் அதில் என்னதான் இருக்கிறது? பட்ஜெட் இருக்கிறது, பத்திரிகைகள் கிளப்பிவிட்ட பீதி இருக்கிறது, நாடாளுமன்றச் சண்டை இருக்கிறது. 1889இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தனக்கு அடுத்த இரண்டு பெரிய கடற்படைகளைச் சேர்த்தாலும் பிரிட்டன் அதற்குக் குறையக் கூடாது என்று முடிவுசெய்து, 2 கோடியே 15 லட்சம் பவுண்டு ஒதுக்கினார்கள். அந்த இரண்டு நாடுகள் எவை? பிரான்சும் ரஷ்யாவும். ஜெர்மனி அப்போது கணக்கிலேயே இல்லை. பின்னால் நடந்த உலகப்போரை மனதில் வைத்துக்கொண்டு முன்கதையைப் படிக்கிறவர்களுக்கு இது நல்ல குட்டு. அந்தப் புத்தகத்துக்கு அமெரிக்க வரலாற்றுச் சங்கம் ஜார்ஜ் லூயி பீர் பரிசு கொடுத்தது. சிரிக்காதீர்கள், பீர் என்பது ஓர் ஆளின் பெயர்.

1944இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். லண்டன் ஆவணங்களை நம்பிப் பிழைக்கிற ஒருவர், பசிபிக் நடுவில் ஒரு தீவில் போய் உட்கார்ந்தார். இருபது வருடம் அங்கேயே பாடம் நடத்தினார். பிரிட்டிஷ் கடற்படையைப் பற்றி அவருக்குச் சமமாகத் தெரிந்தவர்கள் பிரிட்டனிலேயே சிலர்தான் இருந்திருப்பார்கள்.

அப்புறம் ஃபிஷர் வருகிறார். ஜாக்கி ஃபிஷர் 1841இல் இலங்கையில், மலையகத்து இறம்பொடையில் பிறந்தவர். பிரிட்டிஷ் கடற்படையின் உச்சிப் பதவியில் 1904இல் ஏறி, பழைய கப்பல்களை நூற்றைம்பதுக்கும் மேல் கழித்துக்கட்டி, டிரெட்நாட் என்ற போர்க்கப்பலைக் கொண்டுவந்தவர். பத்து 12 அங்குலப் பீரங்கிகள், நீராவி டர்பைன், மணிக்கு 21 கடல் மைல் வேகம். 1906 பிப்ரவரியில் அது தண்ணீரில் இறங்கியதும், அதற்கு முந்தைய போர்க்கப்பல்கள் அத்தனையும், பிரிட்டனுடையவை உட்பட, ஒரே நாளில் கிழவர்களாகிவிட்டன.

மனிதரின் கடிதங்களைப் பார்க்க வேண்டும். சொற்களுக்கடியில் இரண்டு கோடு, மூன்று கோடு. வாக்கியத்துக்கு வாக்கியம் ஆச்சரியக்குறி. "நரகம் உறையும்வரை உங்கள் ஃபிஷர்" என்று கையெழுத்து. இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் போனில் தட்டுகிற "ஓஎம்ஜி" இருக்கிறதே, அதை 1917இல் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் போட்டவர் இவர். அந்தச் சுருக்கத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று அதுதான். கூடவே இன்னொரு பழக்கமும் உண்டு. பல கடிதங்களில் "தயவுசெய்து எரித்துவிடவும்" என்று எழுதிவிடுவார்.

யாரும் எரிக்கவில்லை. இவ்வளவு சுவையான கடிதத்தை யார் எரிப்பார்கள்? மார்டர் அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்து, 1952 முதல் 1959 வரை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். இந்த "எரித்துவிடவும்" என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதங்களுக்குப் பிறகு மார்டர் தன் வாழ்நாள் வேலையில் இறங்கினார். 1904இல் ஃபிஷர் பதவியேற்றதிலிருந்து, 1919இல் ஸ்காப்பா ஃப்ளோ என்ற துறைமுகத்தில் ஜெர்மானியர்கள் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்ததுவரை எழுத வேண்டும். சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன எம்டன் கப்பல், அதாவது "அவன் சரியான எம்டன்" என்று நாம் இன்றும் சொல்கிறோமே அதே எம்டன், இந்தப் பதினைந்து வருடக் கதையில் ஓரமாக வந்து போகிற ஒரு சின்னப் பாத்திரம்தான். அப்படியானால் முழுக் கதை எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

வேலை பாதியில் இருக்கும்போது அது நடந்தது. ஒரு தொகுதிக்காக மார்டர் சேர்த்துவைத்திருந்த எழுத்தையும் குறிப்புகளையும் பல்கலைக்கழகத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் குப்பை என்று நினைத்து எடுத்துப்போய் உலையில் போட்டுவிட்டார். எல்லாம் சாம்பல். கையிலிருக்கும் கருவியில் பக்கத்தைப் படம்பிடித்துக்கொள்கிற காலமில்லை அது. காப்பகத்தில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து, கையால் எழுதி, கடல் தாண்டிக் கொண்டுவந்த தாள்கள். எரிக்கச் சொன்னவரின் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன, எரிக்காதே என்று கெஞ்சியிருக்கக்கூடியவரின் குறிப்புகள் போய்விட்டன.

எனக்கு ஒருமுறை பத்துப் பக்கக் கட்டுரை கணினியில் காணாமல் போனது. நான் அந்தத் தலைப்பையே கைவிட்டேன். மார்டர் மறுபடி லண்டனுக்குப் போனார். அதே கட்டுகளை மறுபடி வாங்கி, மறுபடி படித்து, மறுபடி எழுதினார். முதல் தொகுதி 1961இல் வந்திருந்தது. இரண்டாவது 1965, மூன்றாவது 1966, நான்காவது 1969, ஐந்தாவது 1970. முடித்துவிட்டார்.

அந்த ஐந்தில் எனக்குப் பிடித்தது நான்காவது, 1917ஆம் வருடத்தைப் பற்றியது. அந்த ஏப்ரலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் 8 லட்சம் டன்னுக்கும் மேலான வணிகக் கப்பல்களை மூழ்கடித்தன. இப்படியே போனால் பிரிட்டன் பட்டினி. கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, போர்க்கப்பல் காவலோடு அனுப்பலாம் என்றால் அட்மிரால்டி தயங்குகிறது. ஏன்? வாரத்துக்கு 2,500 கப்பல் வருகிறது, 2,500 கப்பல் போகிறது, ஐயாயிரத்துக்கும் காவல் கொடுக்க நாங்கள் எங்கே போவது என்கிறார்கள். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? இழப்பு சொற்பம்தான் என்று வெளியே காட்டுவதற்காக, கரையோரம் நகர்கிற சின்னப் படகுகளைக்கூட எண்ணி வெளியிட்ட கணக்கு. ஊருக்குச் சொன்ன பொய்யைக் கடைசியில் சொன்னவர்களே நம்பிவிட்டார்கள்! ஹெண்டர்சன் என்ற அதிகாரி கப்பல் போக்குவரத்து அமைச்சகத்தில் விசாரித்தபோது உண்மை தெரிந்தது. பெருங்கடல் கடந்து வருகிற கப்பல்கள் வாரத்துக்கு 120 முதல் 140 வரைதான். போகிறவையும் ஏறக்குறைய அவ்வளவே.

பிற்காலத்தில் பிரதமர் லாய்ட் ஜார்ஜ் தன் நினைவுக் குறிப்புகளில், ஏப்ரல் 30ஆம் தேதி தானே நேரில் போய் அட்மிரால்டியை வழிக்குக் கொண்டுவந்ததாக எழுதினார். மார்டர் அட்மிரால்டி ஆவணத்தை எடுத்து வைக்கிறார். காவல் அணித் திட்டத்துக்கு, அப்போது கடற்படையின் உச்சிப் பதவியில் இருந்த அட்மிரல் ஜெலிக்கோ ஒப்புதல் கொடுத்த தேதி ஏப்ரல் 27. பிரதமர் வருவதற்கு மூன்று நாள் முன்பு. பிரதமரின் நெருக்கடிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது, வருகிறார் என்ற செய்தியே கையெழுத்தை அவசரப்படுத்தியிருக்கலாம். ஆனால் வீரக்கதை அந்த ஒரு தேதியோடு நின்றுவிடுகிறது.

ஜட்லாண்ட் சண்டையைப் பற்றி நீட்டினால் இரவு முழுக்கப் பேசலாம், பேசப்போவதில்லை. 1916 மே 31இல் நடந்த சண்டை அது. பிரிட்டன் 14 கப்பல்களை இழந்தது, ஜெர்மனி 11. யார் ஜெயித்தது என்று அன்றைக்கே சண்டை. அன்றைக்குத் தளபதியாக இருந்த ஜெலிக்கோ தவறினாரா, அவருக்குக் கீழே முன்னணிப் படையை நடத்திய பீட்டி தவறினாரா என்று கடற்படையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. போருக்குப் பின் பீட்டி உச்சிப் பதவிக்கு வந்து, அதிகாரபூர்வப் பதிவைத் தனக்குச் சாதகமாகத் திருத்தப் பார்த்தார். இழுபறியில் அந்தப் பதிவு 1927வரை வெளிவரவில்லை. மார்டர் இந்த விவகாரத்துக்கு நடுவே போய் நின்று, பெரும்பாலும் ஜெலிக்கோ பக்கம் சாய்ந்தார். சாய்ந்ததை மறைக்கவும் இல்லை.

அட்மிரல்களின் சண்டையை எழுதியவருக்கு ஒரு சண்டை கிடைக்காமல் போகுமா? ஸ்டீபன் ராஸ்கில் என்று ஒருவர். கடற்படையில் கேப்டனாக இருந்தவர், இரண்டாம் உலகப்போரின் அதிகாரபூர்வக் கடற்போர் வரலாற்றை எழுதியவர். அமைச்சரவைச் செயலாளராக இருந்த ஹாங்கியின் வாழ்க்கை வரலாற்றையும் அவர் எழுதினார். ஹாங்கியின் நாட்குறிப்பை யார் எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதில் இருவருக்கும் மூண்டது. பிறகு சர்ச்சில் வந்து சேர்ந்தார். 1939, 40இல் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில், அட்மிரல்களின் வேலையில் மூக்கை நுழைத்துக் கெடுத்தார் என்பது ராஸ்கில் கட்சி. அவ்வளவு மோசமில்லை, அட்மிரல் பவுண்ட் அவரைப் பக்குவமாகச் சமாளித்தார் என்பது மார்டர் கட்சி. 1977இல் வந்த தன் புத்தகத்தில், மார்டருக்குப் பதில் சொல்வதற்கென்றே ராஸ்கில் ஒரு பின்னிணைப்புச் சேர்த்தார். மாமியார் மருமகள் சண்டையை அடிக்குறிப்பில் போட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்த இருவரையும் படிக்கலாம்.

மார்டர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அவர் ஃபிஷர்மீது கொஞ்சம் காதல் வைத்துவிட்டார். ஜெர்மனியை எதிர்கொள்ளத்தான் டிரெட்நாட் என்று அவர் வரைந்த கோட்டை, ஜான் சுமிடா 1989இலும் நிக்கோலஸ் லாம்பர்ட் 1999இலும் கேள்வி கேட்டார்கள். பணத் தட்டுப்பாட்டையும், ஓடும் கப்பலிலிருந்து குறிபார்த்துச் சுடும் கருவிகளின் கதையையும், நீர்மூழ்கிமேல் ஃபிஷருக்கு இருந்த நம்பிக்கையையும் மார்டர் போதுமான அளவு கவனிக்கவில்லை என்றார்கள். பிறகு அவர்களையும் மறுத்து ஒரு கூட்டம் எழுதியது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், குறிபார்க்கும் கருவி விஷயத்தில் மார்டர் கோட்டைவிட்டது உண்மை. அவருக்கு எந்திரத்தைவிட மனிதர்கள்மேல்தான் கண்.

ஆனால் திருத்திக்கொள்ளத் தயங்காதவர். ஜட்லாண்ட் தொகுதியை 1978இல், அறுபத்தெட்டு வயதில், மறுபடி திருத்தி விரிவாக்கி வெளியிட்டார். அதன் பிறகு ஜப்பானியக் கடற்படைப் பக்கம் திரும்பினார். அந்த நூலின் முதல் பாகம் 1981இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1980 கிறிஸ்துமஸ் அன்று போய்விட்டார். இரண்டாம் பாகத்தை வேறு இருவர் முடித்து 1990இல் வெளியிட்டார்கள்.

ஃபிஷரின் கடிதங்கள் இப்போது கேம்பிரிட்ஜில், சர்ச்சில் கல்லூரிக் காப்பகத்தில் இருக்கின்றன. ராஸ்கிலின் தாள்களும் அங்கேதான். இருவரும் அடித்துக்கொண்ட ஹாங்கி நாட்குறிப்பும் அதே கட்டடத்தில்தான். அனுமதி வாங்கி, எண்ணைக் குறித்துக் கொடுத்தால், பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். பென்சில்தான் கொண்டுபோக வேண்டும், பேனா கூடாது.

சரி, நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்வரிசைக்காரர்கள் பீரங்கி பற்றிக் கேட்டாலும் சரிதான்.